மேபல் நார்மண்டுக்காக வாங்க வேண்டிய சாப்ளின் பெட்டி

ஊமைப்பட கால அமெரிக்க நகைச்சுவை நடிகை மேபல் நார்மண்டின் படங்களை நல்ல பிரிண்ட்டில் பார்க்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது, இன்னொருவர் பெயரில் வந்திருக்கும் டிவிடி பெட்டியைத்தான். பெயர் ‘சாப்ளின் அட் கீஸ்டோன்’. நான்கு டிஸ்க், 34 படங்கள். 2010இல் அமெரிக்காவில் ஃப்ளிக்கர் ஆலி நிறுவனமும் பிரிட்டனில் பிஎஃப்ஐ என்கிற பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் வெளியிட்டன. சார்லி சாப்ளின் 1914இல் கீஸ்டோன் கம்பெனிக்காக நடித்த படங்களைப் பல நாட்டுக் காப்பகங்களில் தேடிச் சேர்த்துச் சீர்செய்த தொகுப்பு. சாப்ளினுக்காக இதை வாங்கலாமா என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. வாங்குகிறவர்கள் எப்போதோ வாங்கிவிட்டார்கள். மேபலுக்காக வாங்கலாமா? தாராளமாக. அவர் நடித்த பத்துப் படங்கள் இதில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இயக்கியவரும் அவரே.

சாப்ளின் வாரம் 150 டாலர் சம்பளத்தில் கீஸ்டோனுக்குள் நுழைந்தபோது அங்கே நட்சத்திரம் மேபல்தான். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்காரர். பிறந்த ஆண்டு 1892 என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்பது. கல்லறைக் கல்லில் 1895 என்று வெட்டியிருக்கிறது, நடிகைகளின் வயது எல்லா ஊரிலும் அப்படித்தான். பதின்ம வயதிலேயே சார்லஸ் டானா கிப்சன், ஜேம்ஸ் மான்ட்கோமெரி ஃப்ளாக் போன்ற பத்திரிகை ஓவியர்களுக்கு மாடலாக நின்றவர், பிறகு பயோகிராஃப் கம்பெனியில் இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்திடம் சோகப் படங்களில் நடித்தார். அதே கம்பெனியில் இருந்த மேக் சென்னட் 1912இல் கீஸ்டோனைத் தொடங்கி லாஸ் ஏஞ்சலஸின் எடென்டேல் பகுதிக்குப் போனபோது மேபலும் கூடப் போனார். 1912 செப்டம்பர் 23 அன்று கீஸ்டோனின் முதல் ரீல் வெளிவந்தது. அந்த ஒரு ரீலில் இரண்டு குட்டிப் படங்கள். அதில் ஒன்றான ‘தி வாட்டர் நிம்ஃப்’ படத்தில் நீச்சலுடையில் குதித்தவர் மேபல். அடுத்த ஆண்டுக்குள் படத்தின் தலைப்பிலேயே அவர் பெயரைப் போட்டு விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தப் பெட்டி ஏன் தேவைப்படுகிறது என்பதும் இந்தத் தலைப்புகளிலிருந்தே விளங்கும். சாப்ளின் உலகப் புகழ் பெற்றதும் பழைய கீஸ்டோன் நெகட்டிவ்களைக் கைமாற்றி வாங்கியவர்கள், அவற்றைப் புதுப் படம்போல் மறுபடி மறுபடி வெளியிட்டார்கள். ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரடிகமென்ட்’ என்பது ‘ஹோட்டல் மிக்ஸப்’ ஆனது. ‘மேபல் அட் தி வீல்’ ‘ஹாட் ஃபினிஷ்’ ஆனது. ‘மேபல்ஸ் பிஸி டே’ ‘ஹாட் டாக்ஸ்’ ஆனது. மூன்றிலும் காணாமல் போனது எந்தச் சொல் என்று சொல்லத் தேவையில்லை. (இணையத்தில் தேடுகிறவர்கள் இந்தப் பெயர்களையும் போட்டுத் தேட வேண்டும். அதே படம்தான் அங்கேயும் கிடக்கும்.)

தலைப்போடு நிற்கவில்லை. காட்சிகளுக்கு நடுவே எழுத்தில் வரும் வசன அட்டைகளைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் நகைச்சுவையை எழுதி ஒட்டினார்கள். ‘காட் இன் எ கேபரே’ படத்தில் ஓட்டல் சப்ளையரான சாப்ளின், பெரிய மனிதர் என்று சொல்லிக்கொண்டு பணக்கார வீட்டுப் பெண் மேபலிடம் பழகுகிறார். ஒரு பிரிண்ட்டில் அவர் கிரீன்லாந்தின் பிரதம மந்திரி, இன்னொன்றில் கிரீஸ் நாட்டுத் தூதர். பேசும்பட காலத்தில் இசையும் சத்தமும் சேர்த்து வெளியிட்டபோது ஃபிலிமின் இடது ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம் வேண்டியிருந்தது. அந்த அகலத்துக்குப் படத்தையே நறுக்கினார்கள். கீஸ்டோன் படங்களில் கேமரா பெரும்பாலும் அசையாது. ஆட்கள் ஓரத்திலிருந்து நுழைந்து ஓரத்தில் மறைவார்கள். அந்த ஓரம் போனால், கதவருகே நின்று ஒட்டுக்கேட்கும் மேபலின் பாதி முகம் போய்விடும். நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று எடுத்து எடுத்து வெளிச்சமான இடமெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். மேபலின் நகைச்சுவை கண்ணில் இருக்கிறது. வெளுத்த பிரிண்ட்டில் கண் இருந்த இடத்தில் இரண்டு கரும்புள்ளிதான் மிஞ்சும்.

பிஎஃப்ஐயும் இத்தாலியின் பொலோன்யா திரைப்படக் காப்பகமும் பாரிஸின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸ் நிறுவனமும் சேர்ந்து பல ஆண்டுகள் செய்த வேலை இந்தக் கோளாறுகளைச் சரிசெய்வதுதான். கிடைத்த பிரிண்ட்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, நல்ல துண்டுகளைக் கோத்து, வசன அட்டைகளை ஒரே பாணியில் மறுபடி செய்திருக்கிறார்கள். ஓரங்கள் திரும்பி வந்திருக்கின்றன. முகங்களில் சாம்பல் நிற நுணுக்கம் திரும்பி வந்திருக்கிறது.

ஓட்ட வேகமும் சரியாக இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊமைப்படம் என்றாலே எல்லாரும் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்ற நினைப்பு இந்த ஒரு தவறிலிருந்து வந்ததே. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஒரு ரீல் 1,000 அடி, ஆக 16,000 ஃபிரேம். நொடிக்கு 16 ஃபிரேம் ஓட்டினால் 16 நிமிடம் 40 நொடி. பேசும்படத்துக்கான 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் 11 நிமிடம். இணையத்தில் முழு ஒரு ரீல் படம் என்று சொல்லி 10, 11 நிமிடத்தில் முடிகிறது என்றால், ஒன்று வெட்டியிருக்கிறார்கள் அல்லது வேகமாக ஓட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் இரண்டும். 16 என்பதும் வேதவாக்கு அல்ல. கேமராக்காரர் கையால் சுற்றிய காலம். துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகம் கூட்டுவதும் உண்டு.

இலவசப் பிரதியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் தரவிறக்கி, கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் போடுங்கள். இடது சதுர அடைப்புக்குறி விசை வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும், வலது விசை கூட்டும், சமக்குறி பழைய வேகத்துக்குக் கொண்டுவரும். 0.75இல் தொடங்கலாம். அளவுகோலாக நடிகர்களை வைத்துக்கொள்ளாதீர்கள். பூங்காக் காட்சிகளிலும் பந்தயக் காட்சிகளிலும் பின்னால் சும்மா நடந்துபோகும் ஊர்க்காரர்களைப் பாருங்கள். அவர்கள் நடை இயல்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினால் வேகம் சரி. இசை இழுபடும், அதனால் எம் விசையைத் தட்டி ஒலியை அடைத்துவிடலாம். இந்தப் பெட்டியில் அந்த வேலையெல்லாம் இல்லை. நீல் பிராண்ட், ராபர்ட் இஸ்ரேல் முதலானவர்கள் படத்துக்குப் படம் புது இசை கொடுத்திருக்கிறார்கள். தனிப் பியானோ போட்ட படங்கள்தான் மேபலுக்குப் பொருந்துகின்றன. வாத்தியக்குழு சேரும் சில இடங்களில் அடிதடியை இசை முந்திக்கொண்டு அறிவிக்கிறது.

மேபலுக்காகப் பார்க்கிறவர்கள் டிஸ்க் வரிசையில் போக வேண்டாம். முதலில் ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரடிகமென்ட்’. 1914 பிப்ரவரி 9 அன்று வெளிவந்தது, இயக்கம் மேபல். சாப்ளினின் நாடோடி வேடம் வெளியானது இதற்கு இரண்டு நாள் முந்திய இன்னொரு படத்தில் என்றாலும், அந்த வேடத்தோடு அவர் கேமரா முன் முதலில் நின்றது இந்தப் படத்துக்காகத்தான் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. ஓட்டல் முகப்பில் குடிபோதையில் சாப்ளின் செய்யும் சேட்டைகளை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதைவிட்டு மேபலின் அறைக்குள் பாருங்கள். பைஜாமா போட்டுக்கொண்டு நாயோடு பந்து விளையாடுகிறார். பந்து வராந்தாவுக்கு உருண்டு போகிறது, எடுக்க ஓடுகிறார், பின்னால் கதவு பூட்டிக்கொள்கிறது. 1914இல் பைஜாமாவோடு ஓட்டல் வராந்தாவில் நிற்கும் பெண்ணின் நிலை என்ன என்பதை அவர் உடம்பைக் குறுக்கிக் காட்டுகிறார், கையை ஆட்டி அல்ல. குடிகாரர் துரத்த, எதிர் அறைக்குள் புகுந்து கட்டிலடியில் ஒளிகிறார். அந்த அறைக்காரர் செஸ்டர் காங்க்லின், அவருடைய மனைவி ஆலிஸ் டேவன்போர்ட். இந்த இருவரும் கண்ணை உருட்டிக் கையை வீசிக் கீஸ்டோன் பாணியில் நடிக்க, நடுவில் மேபல் மட்டும் ஒரு பார்வையில் விஷயத்தை முடிக்கிறார். ஒருமுறை படத்தைச் சாதாரணமாகப் பார்த்துவிட்டு, மறுமுறை மேபலின் கண்ணை மட்டும் தொடருங்கள். யாரைப் பார்க்கிறார், எப்போது நம் பக்கம் திரும்புகிறார் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது.

அடுத்தது ‘மேபல் அட் தி வீல்’, இரண்டு ரீல். கார்ப் பந்தயத்தில் காதலனைக் கடத்திவிட, மேபல் தானே காரை ஓட்டுகிறார். படம் சுமார்தான். இதன் படப்பிடிப்பில்தான் மேபலும் சாப்ளினும் மோதிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயை மிதித்து நிறுத்தி, முனையை எட்டிப் பார்க்கும்போது காலை எடுத்து, முகத்தில் பீய்ச்சுகிற மாதிரி ஒரு சிரிப்பைச் சேர்க்கலாம் என்று தான் சொன்னதாகவும், நேரமில்லை என்று மேபல் மறுத்ததாகவும் சாப்ளின் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மேபலின் திறமையின்மைக்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்தக் குழாய் விளையாட்டு, சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895இலேயே படமாக்கிக் காட்டியது. பத்தொன்பது வருஷப் பழைய சரக்கை இயக்குநர் வேண்டாம் என்றால் அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? சென்னட் சமாதானம் செய்துவைத்தார். அதன் பிறகு இருவரும் சேர்ந்து நடித்தவைதான் இந்தப் பெட்டியின் நல்ல படங்கள்.

‘மேபல்ஸ் பிஸி டே’யில் மேபல் பந்தயத் திடலில் சாசேஜ் விற்கிறவர். உள்ளே நுழையப் போலீஸ்காரருக்கு ஒன்றை நீட்டுகிறார். வாங்கித் தின்கிறவர்கள் காசு கொடுக்காமல் நழுவுகிறார்கள். கடைசியில் தட்டையே சாப்ளின் அடித்துக்கொண்டு போகிறார். நிஜமான கூட்டத்துக்கு நடுவே எடுத்தது என்பதால் பார்க்கச் சுவாரஸ்யம். ‘மேபல்ஸ் மேரிட் லைஃப்’ இதைவிட உயர்ந்தது. பூங்காவில் மேக் ஸ்வைன் தன்னிடம் வம்பு செய்யும்போது அடித்து விரட்டத் தெரியாத கணவனுக்குப் பயிற்சி கொடுக்க, குத்துச்சண்டைப் பொம்மை ஒன்றை வாங்கி வருகிறார் மேபல். குடித்துவிட்டு வரும் சாப்ளின் அதை ஸ்வைன் என்று நினைத்து மல்லுக்கு நிற்பது புகழ்பெற்ற காட்சி. ஆனால் அதற்கு முன் மேபல் அந்தப் பொம்மையைத் தானே குத்திப் பார்க்கிறார், அது ஆடித் திரும்பி வந்து அவரைத் தள்ளுகிறது. பொம்மை திருப்பி அடிக்கும் என்று நமக்கு இங்கேயே தெரிந்துவிடுவதால்தான் பின்னால் சாப்ளினின் சண்டை அவ்வளவு நேரம் தாங்குகிறது. ‘ஹிஸ் டிரிஸ்டிங் பிளேஸ்’ குடும்பக் கலாட்டா: ஓட்டலில் கோட்டு மாறிப்போக, கணவனின் பையிலிருந்து யாருடைய காதல் கடிதமோ மேபல் கையில் கிடைக்கிறது. அடுத்த காட்சியில் இஸ்திரிப் பலகை பறக்கிறது. ‘ஜென்டில்மென் ஆஃப் நெர்வ்’, ‘கெட்டிங் அக்வெய்ன்டட்’ இரண்டும் பொழுதுபோக்கு. ‘தி ஃபேடல் மாலட்’டைத் தாண்டிவிடலாம், செங்கல் எறிவதும் சுத்தியலால் அடிப்பதுமே கதை, மேபலுக்கு வேலையில்லை.

ஆறு ரீல் நீளமுள்ள ‘டில்லீஸ் பங்ச்சர்ட் ரொமான்ஸ்’ மேரி டிரெஸ்லரின் படம். சாப்ளின் பணத்துக்காக டிரெஸ்லரை ஏமாற்றும் மோசடிக்காரர், மேபல் அவருடைய கூட்டாளி. டிரெஸ்லரிடமிருந்து பறித்த காசோடு இருவரும் சினிமா பார்க்கப் போகிறார்கள். திரையில் ஓடுவது அவர்கள் செய்த திருட்டைப் போலவே ஒரு கதை. மேபல் முதலில் சிரித்துக்கொண்டு பார்க்கிறார், பிறகு சிரிப்பு வாயோரத்தில் மாட்டிக்கொள்கிறது, பிறகு பக்கத்து சீட்டுக்காரரின் கோட்டில் போலீஸ் பேட்ஜ் தெரிகிறது. வசன அட்டை எதுவும் தேவைப்படாத இரண்டு நிமிடம். மேபல் என்ன செய்யத் தெரிந்தவர் என்று கேட்பவருக்கு இந்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டலாம். இந்தப் படத்துக்குக் கண்டபடி வெட்டிய பிரதிகள் ஏராளம். ஒன்றேகால் மணி நேரத்துக்கு வெகுவாகக் குறைந்தால் அது குறைப்பிரதி.

பெட்டியின் குறைகள்: ஒரே படத்துக்குள் தெளிவு ஏறி இறங்கும். பல பிரிண்ட்டுகளைக் கோத்ததால் பளிச்சென்ற ஷாட்டை அடுத்து மங்கல் ஷாட் வரும், சில இடங்களில் ஃபிரேம்கள் தொலைந்து ஆட்கள் துள்ளுவார்கள். இதற்கு மருந்து கிடையாது. ‘ஹர் ஃபிரெண்ட் தி பேண்டிட்’ தொலைந்துபோன படம், அதனால் இல்லை. டிஸ்க்கில் சேர்த்திருக்கும் கூடுதல் பகுதிகள் சாப்ளினைச் சுற்றியே இருக்கின்றன. படமெடுத்த தெருக்களை அடையாளம் காட்டும் ஜான் பெங்ட்சனின் குறும்பகுதி மட்டும் எல்லாருக்கும் பயன்படும்.

பெரிய குறை, இது மேபலின் ஒரே ஓர் ஆண்டுதான் என்பது. சாப்ளின் இல்லாமல் அவர் இயக்கி நடித்த ‘மேபல்ஸ் பிளண்டர்’ இதே 1914இல் வந்தது, 2009இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது, இங்கே கிடையாது. அவர் இயக்கியதில் மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையதான ‘வொன் இன் எ க்ளோசட்’ நியூஸிலாந்துக் காப்பகத்தில் 2010இல் அகப்பட்டது. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு அறக்கட்டளை அதைச் சீர்செய்து வெளியிட்டிருக்கிறது. ‘ஃபேட்டி’ என்று பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளோடு சேர்ந்த படங்களில் 1916இன் ‘ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்’ தவறவிடக் கூடாதது. புதுமணத் தம்பதி தூங்கும்போது வீடே கடலில் மிதந்து போகிறது.

முழுநீளப் படங்களுக்கு இரண்டு போதும். ‘மிக்கி’ 1916, 17இல் எடுத்து, வெளியிடாமல் கிடந்து, 1918 ஆகஸ்டில் வந்து வசூலை அள்ளியது. அவருக்கென்றே தொடங்கிய கம்பெனியின் படம், இயக்கம் எஃப். ரிச்சர்ட் ஜோன்ஸ். சுரங்க ஊர்ப் பெண்ணாக வந்து, ஜாக்கி வேடத்தில் குதிரை ஓட்டுகிறார். இதில் அவரைத் துரத்தும் வில்லன் லூ கோடி; 1926இல் மேபல் கல்யாணம் செய்துகொண்டது இவரைத்தான். ‘தி எக்ஸ்ட்ரா கேர்ள்’ 1923, அதே இயக்குநர். வேஷம் போட்ட நாய் என்று நம்பி நிஜச் சிங்கத்தைக் கயிற்றில் பிடித்து ஸ்டுடியோ முழுக்க இழுத்துக்கொண்டு போகும் காட்சி இதில்தான். இரண்டும் அமெரிக்காவில் காப்புரிமை முடிந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கிடைத்ததையே பார்க்காமல் இரண்டு மூன்று பிரதிகளைத் திறந்து, நீளமும் முகத் தெளிவும் ஒப்பிட்டு எடுங்கள். இடையில் தயாரிப்பாளர் கோல்ட்வினுக்காக நடித்த படங்களில் பெரும்பாலானவை தொலைந்துவிட்டன.

1922இல் இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் கொலையுண்ட இரவு அவரைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்தவர் மேபல். அவர்மேல் பழியில்லை என்று போலீஸ் விட்டுவிட்டது, பத்திரிகைகள் விடவில்லை. 1924 புத்தாண்டு நாளில் மேபலின் டிரைவர் மேபலுடைய துப்பாக்கியாலேயே ஒரு பணக்காரரைச் சுட்டார். சுடப்பட்டவர் பிழைத்தார், மேபலின் சந்தை பிழைக்கவில்லை. 1926, 27இல் ஹால் ரோச் கம்பெனிக்கு நடித்த குறும்படங்களில் உடல் தளர்ச்சி தெரிகிறது, நேரக்கணக்கு குறையவில்லை. ‘ஷுட் மென் வாக் ஹோம்?’ பார்த்தால் புரியும். 1930 பிப்ரவரி 23 அன்று காசநோயால் இறந்தார்.

வாங்குவதற்கு முன் பின்னட்டையில் ரீஜன் எண்ணைப் பாருங்கள், டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்வது அதுதான். டிவிடிக்கு இந்தியா ரீஜன் 5, அமெரிக்கா 1, பிரிட்டன் 2. 0 என்று இருந்தால் எங்கும் ஓடும். டிவி ஒளிபரப்பு முறையிலும் வித்தியாசம் உண்டு: அமெரிக்கப் பதிப்பு என்டிஎஸ்சி (NTSC), பிரிட்டிஷ் பதிப்பு பால் (PAL). இங்கே விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும், தடுப்பது ரீஜன் பூட்டுதான். கணினி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதோடு பூட்டிக்கொள்ளும்; அதனால் மாற்றச் சொல்லிக் கேட்டால் உடனே சரி என்று தட்டாமல் விஎல்சியில் திறந்து பாருங்கள், பல டிரைவ்களில் மாற்றாமலே ஓடும். பழைய பெட்டியாக வாங்கினால் நான்கு டிஸ்க்கும் இருக்கின்றனவா, கையேடு இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்குங்கள். வந்ததும் ‘டில்லீஸ்’ இருக்கும் டிஸ்க்கை முதலில் முழுதாக ஓட்டிச் சோதியுங்கள். நீளமான படம், கீறல் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.